மொடியூல் என்ற சொல்லுக்குக் ‘களக்கூறு’

“அண்ணை, இண்டைக்கு எந்த மொடியூல்?” சனிக்கிழமை பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் ஆடும் மேசையில் முதலில் எழும் கேள்வி இதுதான். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மாட்யூல்’ என்பார்கள், நாங்கள் ‘மொடியூல்’ என்போம். பழைய பாணி மாயப்புனைவுப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் அது ஒரு மெல்லிய புத்தகத்தின் பெயர். ஓர் இடத்தின் வரைபடம், அந்த இடத்தில் இருக்கும் ஆட்கள், விலங்குகள், பொறிகள், புதையல்கள் எல்லாம் அதில் எண் போட்டு எழுதப்பட்டிருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் மட்டுமே அதை வாசிக்கலாம். விலை குறைவு, பக்கமும் குறைவு. ஆனால் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பல கிழமைகள் ஆடலாம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்ளன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். இன்னொருவர் எந்தப் பாத்திரத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் முழு உலகத்தையும் நடத்துவார். “கதவைத் தள்ளுறன்” என்று ஒருத்தி சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வருமிடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974 இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா நகரில் இருந்த டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ தான் இந்த வகைக்கு மூலம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மொடியூலின் வேர் இலத்தீன். ‘மோடஸ்’ என்றால் அளவு. அதன் குறுமை வடிவமான ‘மொடுலஸ்’ என்றால் சிறிய அளவு. உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கோயில் தூண்களைப் பற்றி எழுதும்போது, தூணின் பருமனில் இருந்து ஓர் அளவை எடுத்து, கட்டடத்தின் மற்ற உறுப்புகளை எல்லாம் அந்த அளவின் மடங்குகளாகச் சொன்னார். அந்த அடிப்படை அளவுதான் மொடுலஸ். அளவைக் குறித்த சொல், பிற்காலத்தில் அந்த அளவுக்குச் செய்த உறுப்பையும் குறித்தது. பிறகு கழற்றிப் பூட்டக்கூடிய எந்தத் தனி உறுப்புக்கும் பெயராயிற்று. 1969 இல் சந்திரனில் இறங்கிய கலத்தை லூனர் மொடியூல் என்றார்கள். தாய்க்கலத்தில் இருந்து பிரிந்து தன் வேலையைச் செய்த உறுப்பு அது, வேலை முடிந்ததும் அதன் மேற்பகுதி திரும்ப வந்து இணைந்தது.

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் இந்த இலத்தீன் சொல்லின் நேர்த் தமிழ் தெரியும். ‘யங்கின் மட்டு’ என்று பாடமாக்கிய அதே ‘மட்டு’ தான் அது. மொடுலசுக்கு மட்டு என்று வைத்தவர்கள் வேரைத் தொட்டிருக்கிறார்கள். தமிழிலும் மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுக்கட்டிப் பார்த்தல், மட்டுமட்டாகச் செலவழித்தல் என்று இன்றும் வீட்டில் கதைக்கிறோம். பொருளால் இவ்வளவு நெருங்கிய சொல் வேறு மொழிகளில் கிடைப்பது அருமை. ஆனாலும் ஆட்டப் புத்தகத்துக்கு மட்டு என்று வைக்க முடியாது. மொடியூல் என்ற சொல் அளவை விட்டு விலகி உறுப்புக்குப் போய்விட்டது. மட்டு விலகவில்லை, அளவாகவே நிற்கிறது. அது தன் இடத்தில் இருக்கட்டும்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வந்த புதிதில் ஆட்டத்தை நடத்துபவர், ஆட்கள் நுழைந்து தேடும் நிலவறையை, அதாவது டன்ஜனை, தானே கட்டமிட்ட தாளில் வரைய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. 1975 இல் ஆர்னசன் எழுதிய துணைநூலில் தவளைக் கோயில் ஒன்று வரைபடத்தோடு வந்தது. 1976 இல் வீ வாரியர்ஸ், ஜட்ஜஸ் கில்ட் போன்ற சிறு வெளியீட்டாளர்கள் ஆயத்த நிலவறைகளையும் நகரங்களையும் அச்சிட்டு விற்றார்கள். அவை விலைப்படுவதைக் கண்ட பிறகு, 1978 இல் டிஎஸ்ஆர் நிறுவனமே அரக்கர்களின் கோட்டைகளைப் பற்றிய மூன்று சிறு புத்தகங்களைப் போட்டது. அட்டையில் ‘டன்ஜன் மொடியூல்’ என்று அச்சிட்டிருந்தது. ஆட்டக்காரரின் வாயில் இந்தச் சொல் நிலைத்தது அங்கிருந்துதான். எங்கேயும் கொண்டுபோய்ப் பூட்டலாம் என்பது பெயரிலேயே இருந்தது. உங்கள் உலகத்தில் மலை இருந்தால் அந்த அரக்கர் கோட்டையை அந்த மலையில் வையுங்கள்.

அக்கால மொடியூல்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவற்றின் செட்டு விளங்கும். இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் பருமன்தான். நடுவில் கம்பி அடித்த 32 பக்கங்கள் வழக்கமான அளவு. மடித்துக் கம்பி அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாள் நாலு பக்கம் தரும் என்பதால் எட்டுத் தாள் போதும். அட்டை புத்தகத்தோடு ஒட்டாது, தனியாகக் கழன்று வரும். அட்டையின் உட்புறத்தில் வரைபடம் இருக்கும். நடத்துபவர் அட்டையைக் கழற்றித் தன் முன்னால் கூடாரம் போல் நிறுத்திவிடுவார். எதிரே இருப்பவர்களுக்கு ஓவியம் தெரியும், அவருக்கு வரைபடம் தெரியும். அந்த வரைபடத்தை வெளிர் நீலத்தில் அச்சிட்டார்கள். அக்காலப் போட்டோக்கொப்பி இயந்திரங்கள் வெளிர் நீலத்தைச் சரியாகப் பிடிக்காது. மேல் மூலையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். தொடக்கக்காரருக்கானவை ‘பி’ வரிசை, அரக்கர் கோட்டைகள் ‘ஜி’ வரிசை, போட்டிகளுக்கு எழுதப்பட்டவை ‘சி’ வரிசை. பெயரை மறந்தவர்களும் ‘பி2’ என்றால் எல்லையோரக் கோட்டையும் அதற்கு அருகே குகைகள் நிறைந்த பள்ளத்தாக்கும் என்று உடனே சொல்வார்கள். தொடக்கப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்ததால் அது எண்ணற்ற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பி2 இற்கு முன் அந்தப் பெட்டியில் வந்த ‘பி1’ தான் என் மனதுக்கு நெருக்கமானது. மைக் கார் எழுதியது. கைவிடப்பட்ட ஒரு கோட்டையின் அறைகளை எல்லாம் விபரித்துவிட்டு, பல அறைகளில் ‘விலங்கு’, ‘புதையல்’ என்ற இடங்களை வெறுமையாக விட்டிருப்பார். பின்னால் ஒரு பட்டியல் இருக்கும், பென்சிலால் நீங்களே நிரப்ப வேண்டும். புத்தகம் வாங்கிய பிள்ளை ஆட்டம் தொடங்க முன்னரே அதன் துணை ஆசிரியராகி விடுகிறது. ஒரு மொடியூல் செய்ய வேண்டிய வேலையை இவ்வளவு நேர்மையாகச் செய்த புத்தகம் வேறில்லை என்பது என் கருத்து.

1984 இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற மொடியூல் வரிசை வேறு வழியில் போனது. அங்கே பெரிய கதை ஒன்று முன்கூட்டியே இருந்தது. ஆடுபவர்கள் அந்தக் கதையின் நாயகர்களாக நடக்க வேண்டும். அதை விரும்பியவர்கள் ஏராளம். ஆனால் நடத்துபவர் கதையைக் காப்பாற்றுவதற்காக ஆட்களின் முடிவுகளை வளைக்க வேண்டி வந்தது. 2000 இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிகளின் பெரும்பகுதியை எவரும் எடுத்தாளத் திறந்த உரிமம் வந்தது. அதைப் பயன்படுத்தி 2006 இல் ‘ஓஸ்ரிக்’ என்ற பெயரில் பழைய விதிகள் மறுபடி எழுதி வெளியிடப்பட்டன. பழைய பாணி மொடியூல்களைப் புதிதாக எழுதி விற்க அது வழி திறந்தது. 2009 இல் ஒரே பக்கத்தில் ஒரு நிலவறையை அடக்கும் போட்டி தொடங்கியது. இன்று ஏ5 அளவில், தனி ஆட்கள் வீட்டிலிருந்தே எழுதி வெளியிடும் புத்தகங்கள்தான் இந்தத் துறைக்கு உயிர். மின்பிரதி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், சில இலவசம். போட்டோக்கொப்பிக் கடையில் எட்டு ஏ4 தாளில் இருபக்கமும் அடித்து மடித்தால் 32 பக்கப் புத்தகம் ஒன்று கையில் வந்துவிடும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘தொகுதி’ என்றால் இங்கே எல்லோருக்கும் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ‘அலகு’ பள்ளிக்கூடத்தில் பாடத்தின் பிரிவுக்கு நிலைத்துவிட்டது. ‘சாகசப் புத்தகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாவலுக்கும் சித்திரக் கதைக்கும் அதுவே பொருந்தும். ‘கதைநூல்’ என்பது முழுப்பிழை. அங்கே கதை இல்லை, இடம்தான் இருக்கிறது. கதை மேசையில் பிறக்கிறது.

நான் அதிகம் இழுபட்டது ‘ஏடு’ என்ற சொல்லோடுதான். கூத்து மரபில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் கையில் ஏடு இருக்கும். முழுக் கூத்தும் அவரிடம் இருக்க, ஆடுபவர் தன் பங்கை மட்டும் பாடமாக்குவார். மட்டக்களப்பில் பாத்திரத்துக்குரிய பாட்டுகளை எழுதிக் கையளிப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். எல்லாம் அறிந்த ஒருவர், தன் பங்கு மட்டும் அறிந்த பலர் என்ற இந்த ஒழுங்கு எங்கள் ஆட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதனால் ஆட்டம் நடத்துபவரை நாங்கள் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம். அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. பெண்கள் நடத்தும்போதும் அதே சொல்தான், ‘ஆர்’ விகுதி இருபாலுக்கும் ஏற்கும்.

ஆனால் கூத்து ஏட்டில் வரிகள் முடிந்த முடிவு. அரசன் எந்தத் தருவில் (கூத்துப் பாட்டில்) என்ன பாடுவான், யார் வெல்வார் என்பது எழுதியாயிற்று. மொடியூலில் எழுதாமல் விட்டதுதான் ஆட்டம். அதோடு திரையில் மட்டும் வாசிப்பது ஏடு என்ற சொல்லுக்குள் அடங்காது.

கூத்து மரபில் இன்னொரு சொல் இருக்கிறது: களரி. கூத்தாடும் வட்டமான இடம் வட்டக்களரி. அதற்கு உறவான ‘களம்’ போர்க்களம், நெற்களம், ஆடுகளம் என்று ஏதோ நடக்கப்போகும் இடத்தைக் குறிக்கிறது. என்ன நடக்கும் என்பதைக் களம் சொல்வதில்லை. மொடியூலின் உயிர் அதுதான். மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவது போல, களம், கூறு சேர்ந்து ‘களக்கூறு’. கூறு என்பதில் கழற்றிப் பூட்டும் உறுப்பு என்ற பொருள் இருக்கிறது, களம் என்பதில் இடம் இருக்கிறது. தாள் எத்தனை என்ற கட்டுப்பாடும் இல்லை.

சொல் சரியா என்று பார்க்க, ஒரு களக்கூறு உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். புத்தூர்ப் பக்கம் இருக்கும் நிலாவரைக் கிணற்றை எல்லோருக்கும் தெரியும். அடியில்லாத கிணறு என்றும், அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் இருந்து நான் கற்பனையாக எழுதிய கிணறு ஒன்றின் நாலாம் இடம் இது:

“4. கீழ்ப்படி. வழுக்கும் பாசி, உப்பு மணம், கறுத்த தண்ணீர். விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால்: தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் ஓர் ஆள் நுழையும் துளை தெரியும். தண்ணீரில் நெருப்பு விழுந்தால்: துளைக்குள் இருக்கும் மூன்று வௌவால் மனிதர் விழிப்பர் (உயிர்ப்புள்ளி ஒவ்வொருவருக்கும் 4). தாக்கினால் தாக்குவர். கதைத்தால் நல்ல தண்ணீர் கேட்பர். கொடுத்தால் 7ஆம் இடத்துப் பொறியைச் சொல்வர்.”

உயிர்ப்புள்ளி என்பது ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண். இந்தப் பத்தியில் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. செய்தால் என்ன நடக்கும் என்பது மட்டும் இருக்கிறது. வாக்கியங்கள் குறுகலாக இருப்பதற்கும் காரணம் உண்டு: நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாவியார் ஒரு கண்ணோட்டத்தில் வாசித்துச் சொல்ல வேண்டும். வௌவால் மனிதர் யார், அவர்களின் குலவரலாறு என்ன என்று மூன்று பத்தி எழுதினால் அந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடும். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்குப்படுவது இங்கேதான்.

டன்ஜனுக்கு ‘நிலவறை’ என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லும் இடம் மாறி வந்ததுதான். பழைய பிரெஞ்சில் ‘டொன்ஜொன்’ என்றால் கோட்டையின் நடுக் கோபுரம், பிரபுவின் இருப்பிடம். பிறகு கோபுரத்துக்கு அடியில் கைதிகளை அடைத்த அறைக்கு அந்தப் பெயர் இறங்கியது. நல்லூர் மந்திரிமனையில் சுரங்கப்பாதை இருந்தது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ‘சுரங்கம்’ என்றாலும் விளங்கும். வழியாக நீள்வதைச் சுரங்கம் என்றும், அறைகளாக விரிவதை நிலவறை என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

களக்கூறு என்று எழுதத் தொடங்குபவர்கள் வேற்றுமை உருபில் ஒருமுறை தயங்குவார்கள். சோறு சோற்றை ஆவது போல இது களக்கூற்றை ஆகும். கூற்று என்றால் சொன்ன சொல், எமனும் கூற்றுத்தான் என்பதால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறலாம். ‘களக்கூறு ஒன்றை எழுதினேன்’, ‘களக்கூறுகளை அச்சிட்டோம்’ என்று எழுதினால் அந்தத் தடுமாற்றம் வராது. அட்டையில் எழுத்தும் எண்ணும் போடுகிறவர்கள் தொடக்கக்காரருக்கானதற்கு ‘தொ1’, கடல் சார்ந்ததற்கு ‘க1’ என்று தமிழிலேயே போடலாம். எங்கள் மேசையில் அடுத்து வருவது ‘க2’.