வடிகஞ்சியும் ஸ்பகெட்டியும்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆறே மேசை போட்ட ஒரு சின்ன இத்தாலியச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. ஒரு பக்கம் டெய்லர் கடை, எதிரில் மாவு மில். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் கரும்பலகையில் சாக்பீசால் எழுதியிருக்கும்: ‘மிளகு ஸ்பகெட்டிக்கு பார்சல் கிடையாது.’

வடசென்னையில் பிரியாணி முதல் பாயா வரைக்கும் எதைக் கேட்டாலும் கட்டித் தருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் முதல் தடவை போனபோது, அம்மாவுக்கு ஒன்று கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அக்கா, “வேற எது வேணா வாங்கிட்டுப் போ தம்பி, இது மட்டும் வேணாம். வீடு போறதுக்குள்ள களி ஆயிடும்” என்றார். ஏன் களியாகிறது என்று தேடப் போனேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு பாடப்புத்தகமே இருந்தது.

அவர்கள் மிளகு ஸ்பகெட்டி என்று எழுதியிருப்பது ரோம் நகரத்துச் சாப்பாடு. அங்கே ‘காச்சோ எ பெபே’ என்பார்கள். சீஸும் மிளகும் என்று அர்த்தம். பெயரில் இருப்பதுதான் சாப்பாட்டிலும் இருக்கிறது. வேகவைத்த ஸ்பகெட்டி (நூல் மாதிரி நீளமான பாஸ்தா), பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், இடித்த மிளகு. கிரீம் இல்லை, பால் இல்லை, முறையாகச் செய்தால் வெண்ணெய்கூட இல்லை. (அந்த மிளகு ஒரு காலத்தில் நம் முசிறித் துறையிலிருந்து கப்பலேறி ரோமுக்குப் போனது. இப்போது ரோமின் சமையல் பெரம்பூருக்கு வந்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.) ஆனால் தட்டில் வந்து நிற்பதைப் பார்த்தால், ஒவ்வொரு இழையிலும் வெள்ளையாக, வழவழவென்று ஒரு சாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரீமே சேர்க்காத சாப்பாட்டில் அது எங்கிருந்து வந்தது?

நான் உட்காரும் மேசையிலிருந்து அடுப்பு தெரியும். மாஸ்டர் ஸ்பகெட்டியை முழுக்க வேகவிடுவதில்லை. இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, வறுத்த மிளகு கிடக்கும் வாணலிக்கு மாற்றுகிறார். உடனே ஒரு கரண்டி, பாஸ்தா வெந்த அதே தண்ணீர். மீதி வேக்காடு அந்தத் தண்ணீரில்தான். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியைத் தூக்கித் தூக்கிக் குலுக்குகிறார். அரை நிமிடம் சும்மா ஆறவிடுகிறார். அதற்கு அப்புறம்தான் சீஸ், மறுபடி குலுக்கல். “எல்லாரும் சீஸ்தான் சாஸுன்னு நினைக்கிறாங்க. இந்தத் தண்ணிதாம்ப்பா சாஸ்” என்று பானையைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். கலங்கலாக, லேசான மஞ்சளில், எங்கள் வீட்டு வடிகஞ்சி மாதிரியே இருந்தது.

மாதிரி என்ன, அது கஞ்சியேதான். அரிசியிலும் கோதுமையிலும் மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகளாக அடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு மணியிலும் குளுக்கோஸ் கோத்த இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: நீளமாக, கிளையில்லாமல் போகும் அமைலோஸ், மரம்போலக் கிளை விரியும் அமைலோபெக்டின். கோதுமை மாவுச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ். பச்சைத் தண்ணீரில் இந்த மணிகள் கரையாது, அடியில் போய்ப் படியும். தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறும்போது மணிக்குள் தண்ணீர் புகுந்து அது ஊத ஆரம்பிக்கிறது. இன்னும் சூடேற, நீளமான அமைலோஸ் சங்கிலிகள் மணியைவிட்டு வெளியேறித் தண்ணீரில் கலக்கின்றன. தண்ணீர் கொழகொழப்பாவது இதனால்தான்.

அந்தக் கஞ்சியை அம்மா என்னென்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தால், மாவுச்சத்தின் குணம் மொத்தமும் அதில் இருக்கிறது. சூடாக உப்புப் போட்டுக் குடித்தால் வழவழவென்று இறங்கும். ஆறவிட்டால் மேலே ஆடை கட்டும். பிரிந்து திரிந்த அமைலோஸ் சங்கிலிகள் சூடு குறைந்ததும் மறுபடி ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால் வருவது அது. காட்டன் புடவையை அதில் முக்கிக் காயப்போட்டால் மொடமொடவென்று நிற்கும். பருத்தியும் குளுக்கோஸ் சங்கிலிகளால் ஆனதுதான் என்பதால், மாவுச்சத்து அதோடு ஒட்டிப் பிணைந்துகொள்கிறது. சூட்டில் வழவழப்பு, ஆறினால் இறுக்கம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கஞ்சி இவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிடும் என்றால் ஸ்பகெட்டி ஏன் குழைந்து போவதில்லை? அது டியூரம் என்ற கடினக் கோதுமை. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில் அதிகம் விளைகிறது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை இந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். டியூரம் ரவையில் புரதம் அதிகம். தண்ணீர் விட்டுப் பிசையும்போது அந்தப் புரதம் குளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொண்டு, மாவுச்சத்து மணிகளைத் தனக்குள் பிடித்துவைக்கிறது. வேகும்போது சூடும் தண்ணீரும் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போக முடியும். முக்கால்வாசி வெந்த ஸ்பகெட்டியைக் கடித்துப் பார்த்தால் நடுவில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அது இன்னும் தண்ணீர் போய்ச் சேராத மாவுச்சத்து. அந்தப் புள்ளி மறையப்போகும் நேரத்தில் பல்லுக்கு ஒரு பிடி கிடைக்குமே, அதைத்தான் இத்தாலியர்கள் ‘அல் தென்தே’ என்கிறார்கள்.

குளூட்டன் வலையின் மேல்பரப்பில் இருக்கும் மணிகள் மட்டும் தண்ணீரில் உதிர்கின்றன. எவ்வளவு உதிரும் என்பது அச்சைப் பொறுத்தது. முறுக்கு அச்சு மாதிரிதான், மாவை ஓட்டை வழியே அழுத்திப் பிழிகிறார்கள். பழைய முறையில் வெண்கல அச்சு. பிழிந்து வரும் இழை சொரசொரப்பாக, மாவு பூத்தாற்போல இருக்கும். டெஃப்ளான் பூசிய அச்சில் இழை வழுக்கலாகவும் மினுக்கமாகவும் வரும். கடையில் பாக்கெட் வாங்கும்போது மங்கலாக, வெளிறிப்போன இழையைத் தேர்ந்தெடுங்கள். சாஸ் அதில்தான் நன்றாகப் பிடிக்கும்.

இழைச் சாப்பாடு வடசென்னைக்குப் புதிதில்லை. பீச் ஸ்டேஷன் பக்கமும் வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோவைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அத்தோவின் கணக்கு வேறு. அங்கே வெந்த நூடுல்ஸைத் தண்ணீர் வடித்து எண்ணெய் பூசி வைக்கிறார்கள். இழைகள் ஒட்டாமல் நிற்கும், கையால் பிசறும்போது முட்டைக்கோசும் வெங்காயமும் நடுவே புகும். சேமியாவை நெய்யில் வறுப்பதும் அதே நோக்கம்தான். காச்சோ எ பெபேக்கு வேண்டியது நேர் எதிர். இழையின் மேலிருக்கும் பிசுபிசுப்பே அதற்கு முதலீடு. அதனால் பாஸ்தா வேகும் தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள். விட்டாலும் அது மேலேயே மிதக்கும். வடிக்கும்போது இழையில் ஒட்டி, சாஸை வழுக்கிவிடும். இழைகள் ஒட்டாமலிருக்க முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டாலே போதும். உப்பு போடுவது ருசிக்காக மட்டும். லிட்டருக்கு 10 கிராம் போட்டால் கொதிநிலை 0.2 டிகிரிகூட உயராது.

இனி சீஸுக்கு வருவோம், சிக்கல் எல்லாம் அங்கேதான். நான் வீட்டில் முதலில் செய்து பார்த்தபோது, ஸ்பகெட்டியை வடித்து, அடுப்பிலேயே வாணலியில் போட்டு, துருவிய சீஸை மேலே கொட்டினேன். இரண்டே நொடியில் சீஸ் சுருண்டு, இழுத்தால் ரப்பராக நீளும் ஒரு கட்டியாகிவிட்டது. அடியில் எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாக நின்றன. அம்மா சிங்க்கைப் பார்த்துவிட்டு, “கஞ்சிய ஏன்டா கீழ ஊத்துன?” என்றார். பிழை எங்கே என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

சீஸ் என்பது கேசின் என்ற பால் புரதத்தின் வலை. அதற்குள் கொழுப்பும் தண்ணீரும் சிறைபட்டிருக்கின்றன. மிதமான சூட்டில் வலை தளர்ந்து உருகும். சூடு ஏறி 65 டிகிரியைத் தாண்டிப் போகும்போது புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, உள்ளே இருந்த தண்ணீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. இதைத் தடுக்க நடுவில் ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் மாவுச்சத்து. அதன் சங்கிலிகள் புரதங்களுக்கு இடையே புகுந்து அவற்றை அணுகவிடாமல் வைக்கின்றன. தண்ணீரையும் கெட்டியாக்குவதால், கொழுப்புத் துளிகள் ஓடிப்போய் ஒன்றுசேர முடிவதில்லை. எண்ணெய்ப்பசை தண்ணீருக்குள் நுண்ணிய துளிகளாக நிலைத்து நிற்கும் இந்த நிலைக்குப் பள்ளிப் புத்தகத்தில் பால்மம் என்று பெயர். பாலும் அப்படித்தான். பால் வெள்ளையாக இருப்பதற்கும் இந்த சாஸ் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே: கோடிக்கணக்கான துளிகளில் பட்டு ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. மாஸ்டர் வாணலியைக் குலுக்குவதும் பகட்டுக்காக அல்ல. அந்தக் குலுக்கலில்தான் துளிகள் உடைந்து சிறிதாகின்றன.

இதை இயற்பியலாளர்களே உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஐரோப்பாவின் வெவ்வேறு ஆய்வகங்களில் வேலை பார்க்கும் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர், 2025-ல் ‘பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் காச்சோ எ பெபே சாஸைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீஸ், தண்ணீர், மாவுச்சத்து மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, எப்போது கட்டி தட்டுகிறது என்று படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் பெரிய பெரிய கட்டிகள். பீட்சாவில் நூலாக இழுபடுமே, அந்த சீஸின் பெயரில் அதற்கு ‘மொசரெல்லா நிலை’ என்று பெயர் வைத்தார்கள். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சாஸ் நிலைத்து நிற்கிறது. 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறும்போது விறைத்துப்போகிறது. அந்த ஆண்டே அவர்களுக்கு இயற்பியலுக்கான இக் நோபல் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. என் சமையலறையில் தோற்ற ஒரு விஷயத்துக்கு அவர்கள் எண் கண்டுபிடித்துக் கொடுத்ததில் எனக்கு உண்மையான நன்றி உண்டு.

அவர்கள் சொல்லும் செய்முறையில் இரண்டு பேருக்கு 160 கிராம் சீஸ். பாஸ்தாத் தண்ணீரை நம்பாமல், 4 கிராம் மாவுச்சத்தை 40 கிராம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் வீட்டுக் கணக்கில் ஒன்றரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர். அந்தக் கஞ்சி சற்று ஆறியதும் சீஸைச் சேர்த்து அரைத்துக்கொண்டால் கட்டியே தட்டாது.

கடையில் மாஸ்டருக்கு கார்ன்ஃப்ளோர் தேவைப்படுவதில்லை. சாயங்காலம் அடுப்பில் ஏற்றிய அதே பானையில்தான் ராத்திரி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக பாஸ்தா வேகிறது. வற்றும்போது கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார், மாற்றமாட்டார். ஏழு மணித் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஒன்பது மணிக்கு நல்ல கஞ்சி. நான் எட்டரைக்கு மேல் போவது அதற்காகத்தான். வீட்டில் ஒருவேளைக்கு ஒரே ஒரு முறை வேகவைக்கிறோம், அதுவும் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில். வழக்கமாக 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் என்பார்கள். அதைப் பாதியாக்கினால் கஞ்சி இரட்டிப்பாகக் கெட்டியாகும். ஆனால் அடிக்கடி கிளற வேண்டும், உப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பார்சல் விஷயம். அடுப்பிலிருந்து என் மேசை பத்தடி. மாஸ்டர் தட்டைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டுத்தான் பரிமாறுகிறார். தட்டு வரும்போது சாஸ், சீஸ் சுருளும் சூட்டுக்குக் கீழே, கஞ்சி இறுகும் சூட்டுக்கு மேலே நிற்கிறது. அந்த இடைவெளியில் அது நிற்பது சில நிமிடங்கள்தான். டப்பாவில் அடைத்து பெரம்பூர் பாலம் தாண்டுவதற்குள், நான் முன்பு சொன்ன அந்த ஆடை கட்டும் வேலை தொடங்கிவிடும். கொழுப்பும் உறையும். இழை மீதித் தண்ணீரைக் குடித்துவிடும். வீட்டில் மறுபடி சூடாக்கினால் கஞ்சி கொஞ்சம் இளகுமே தவிர, சீஸ் புரதம் இன்னும் இறுகி எண்ணெயைக் கக்கும். பழைய நிலைக்கு அதைக் கொண்டுவர முடியாது. ஆறு மேசைக்கு மேல் போடாததற்கு இடநெருக்கடிதான் காரணம் என்று அக்கா சொல்கிறார். எனக்கென்னவோ அந்தப் பத்தடியும் செய்முறையில் ஒரு பகுதி என்றே தோன்றுகிறது.

தக்காளி சாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைக் கெட்டியாக வைத்திருப்பது தக்காளியின் பெக்டினும் நார்ச்சதையும். அவை ஆறினாலும் பிரியாது, சுடவைத்தாலும் சுருளாது. அன்றைக்கு அக்கா அம்மாவுக்காகக் கட்டிக் கொடுத்தது தக்காளி பென்னே, குட்டிக் குழாய் வடிவப் பாஸ்தா. வீட்டுக்குப் போய் அரைமணி கழித்துத்தான் பிரித்தோம். அப்படியே இருந்தது. அம்மா சாப்பிட்டுவிட்டு, “அடுத்த வாரம் என்னையும் கூட்டிட்டுப் போ, அந்த மிளகு போட்டது எப்படியிருக்குன்னு அங்கயே உட்கார்ந்து பாக்கலாம்” என்றார்.