தூரத்திலும் துலங்கும் கேடயம்: சொந்தச் சின்னம் வடிவமைப்பது எப்படி?

கடல்வழியே உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக்குக்கு 1581-இல் ஒரு கேடயச் சின்னம் வழங்கப்பட்டது. கறுப்புத் தரை, அதாவது பின்னணி. குறுக்கே அலை அலையாக ஒரு வெள்ளிப் பட்டை. பட்டைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு வெள்ளி விண்மீன். பட்டை கடலைக் குறிக்கிறது, விண்மீன்கள் இரு துருவங்களைக் குறிக்கின்றன. மூன்றே உருவங்கள், இரண்டே நிறங்களில் ஒரு மனிதரின் வாழ்க்கையே அடங்கிவிட்டது. தனக்கென்று சின்னம் வரைய நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஹெரால்ட்ரி எனப்படும் இக்கலை 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு ஐரோப்பாவில் உருவெடுத்தது. பொன்னும் வெள்ளியும் இதில் ‘உலோகங்கள்’. வரையும்போது மஞ்சளையும் வெள்ளையையும் பூசலாம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை ‘வண்ணங்கள்’. உலோகத்தின் மேல் உலோகத்தையும் வண்ணத்தின் மேல் வண்ணத்தையும் வைக்கக்கூடாது என்பதே தலையாய விதி.

அலங்காரத்துக்காக வந்த விதி என்று இதை நினைக்க வேண்டாம். நம் கண் நுண்ணிய விளிம்புகளைப் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். வெளிச்சம் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் மாறினால் பார்வையின் கூர்மை வெகுவாகக் குறைந்துவிடும். இணையப் பக்கம் வடிவமைப்போர் பயன்படுத்தும் வெளிச்ச விகிதக் கணக்கில் 1 என்றால் வேறுபாடே இல்லை, 21 என்றால் கறுப்பும் வெள்ளையும். திரையின் தூய நிறங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் வெள்ளை மேல் மஞ்சளுக்குக் கிடைப்பது 1.07 மட்டுமே. நீலத்தின் மேல் சிவப்பு 2.15. அதே நீலத்தின் மேல் மஞ்சளை வைத்தால் 8. இந்தக் கணக்கு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த விதி இருந்தது என்பது வியக்க வைக்கிறது.

விலக்குகளும் உண்டு. ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளித் தரைமேல் பொற்சிலுவைகள் நிற்கின்றன. நகம், நாக்கு போன்ற சிறு உறுப்புகளையும் விதி கட்டுப்படுத்தாது. இங்கிலாந்துக் கேடயத்தில் சிவப்புத் தரைமேல் மூன்று பொற்சிங்கங்கள் இருக்கின்றன. சிங்கத்தின் நகமும் நாக்கும் வழக்கமாகச் சிவப்பு. இங்கே தரையே சிவப்பு என்பதால் அவற்றை நீலமாக்கியிருக்கிறார்கள்.

ஒரு சின்னத்துக்கு அடிப்படை அதன் படமல்ல, சொல் வர்ணனைதான். அதற்குப் ‘பிளேசன்’ என்று பெயர். முதலில் தரையின் நிறம், அடுத்து முதன்மை உருவம், பிறகு சுற்றியுள்ளவை என்பது அதன் வரிசை. ‘கறுப்பு, இரு துருவ விண்மீன்களுக்கு நடுவே அலைவடிவக் குறுக்குப்பட்டை, வெள்ளி’ என்றால் டிரேக்கின் கேடயம் முடிந்தது. பட்டையும் விண்மீன்களும் ஒரே நிறம் என்பதால் ‘வெள்ளி’ ஒருமுறை வந்தால் போதும். எந்தச் சாயல் நீலம், அலை எத்தனை வளைவு என்பதெல்லாம் ஓவியரின் விருப்பம். ஒன்றில் மட்டும் தடுமாறுவார்கள்: வலம், இடம் என்பவை கேடயத்தைத் தாங்குபவரின் பார்வையில். எதிரே நிற்கும் நமக்கு அவை மாறித் தெரியும்.

வரையத் தொடங்கும்போது 24 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலத்தில் கேடயம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குறுக்குப்பட்டை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 செ.மீ. என்று பழைய நூல்கள் சொல்லும். மேலும் கீழும் உருவங்கள் வந்தால் 6 செ.மீ. போதும், இல்லாவிட்டால் அவை நசுங்கிவிடும். அலைகள் மூன்று நான்கு, பெரிதாக இருக்கட்டும். நெருக்கமான சிற்றலைகள் தொலைவில் நேர்க்கோடாகத் தெரியும். கேடயம் கீழே குறுகுவதால் மூன்று உருவங்களை மேலே இரண்டு, கீழே ஒன்று என வைப்பதே வழக்கம். உருவம் தன் இடத்தை நிறைக்க வேண்டும். நடுவில் பூனைக்குட்டி அளவில் ஒரு சிங்கத்தை விட்டுவிட்டு மீதியை வெறுமையாக விடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. படிப்பு, தொழில், ஊர், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒரே கேடயத்தில் திணிப்பது அதைவிடப் பெரிய பிழை. கேடயத்துக்குள் எழுத்துகளும் வேண்டாம், நிழல் விழும் நிறக்கலவையும் வேண்டாம்.

மிக எளிய வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு: அது ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும். நீலத்தின் மேல் ஒற்றைப் பொற்பட்டை சாய்வாகச் செல்லும் சின்னத்துக்காக இங்கிலாந்தில் ஸ்குரோப், குரோவ்னர் என்ற இருவர் 1385-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கவிஞர் சாசரும் சாட்சி சொன்னார். ஸ்குரோப் வென்றார்.

இங்கிலாந்தில் சின்னம் வழங்கும் பணியை 1484-இல் தோன்றிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் செய்கிறது. சின்னம் ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது, குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ‘உங்கள் பெயரின் சின்னம்’ என்று கோப்பையில் அச்சிட்டு விற்பவற்றை நம்ப வேண்டாம். ஸ்காட்லாந்தில் லார்டு லயன் என்ற அதிகாரிக்குத் தனி நீதிமன்றமே உண்டு, அங்கே பதிவில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவது சட்டமீறல்.

வரைந்து முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கேடயத்தை 2 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எந்த உருவம் கரைகிறதோ அதன் நிறத்தையோ அளவையோ மாற்றுங்கள். பிறகு படத்தைக் காட்டாமல் வர்ணனையை மட்டும் இருவரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். ஒருவர் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தையும் மற்றவர் நடக்கும் சிங்கத்தையும் வரைந்தால், ‘சிங்கம்’ என்பதோடு அதன் நிலையையும் சேர்த்து எழுத வேண்டும்.