வெற்றுப் பில்லும் பொதுப் பணமும்: எஸ்.பி.ஆர்.எம் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டம் ஒன்று முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, குத்தகையாளர் ஒருவர் மேசைமேல் ஒரு பில் புத்தகத்தை வைத்தார். மஞ்சள் அட்டை, உள்ளே கார்பன் தாள். நாலு தாளில் கொம்பனி முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருந்தது. தொகை எழுதும் இடம் மட்டும் காலி.

“கூரை வேலை எட்டாயிரத்துல முடிஞ்சிடும். மானியம் பதினஞ்சாயிரம் வந்திருக்கு. மிச்ச ஏழாயிரத்துக்குச் சாயம் அடிச்சதா நீங்களே எழுதிக்குங்க அண்ணே. கோயிலுக்குத்தானே செலவு பண்ணப் போறீங்க” என்றார்.

பொருளாளர் தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவர். புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. “எடுத்துட்டுப் போயிடு தம்பி” என்றார். அன்று இரவு நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு அவர்மேல் கோபம். திருடித் தின்னவா போகிறோம், திருவிழா அன்னதானத்துக்குத்தானே என்பது அவர்கள் கேள்வி. இந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான். சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். இந்த வட்டாரத்தில் கோயில், தமிழ்ப்பள்ளி, இளைஞர் மன்றம் என்று மானியம் வாங்காத அமைப்பு அரிது. ஆனால் எஸ்.பி.ஆர்.எம், அதாவது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் என்றால் புத்ராஜெயாவில் பெரிய தலைகளைப் பிடிக்கிறவர்கள், நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றே பலர் நினைக்கிறார்கள்.

முதலில் அந்த ஏழாயிரத்தைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, லஞ்சம் கைமாறினால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் விவரம் உள்ள ரசீதையோ கணக்கையோ கொடுத்தாலே குற்றம். 24-ஆவது பிரிவின்படி அதற்கு 20 ஆண்டு வரை சிறை. அதோடு பொய்யாகக் காட்டிய மதிப்பைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் அபராதம்; அது 10,000 வெள்ளிக்குக் கீழே வந்தால் 10,000 வெள்ளி. அடிக்காத சாயத்துக்கு ஏழாயிரம் என்று ஒரு பில் எழுதினால், அபராதமே 35,000-இல் தொடங்கும். பணம் அன்னதானத்துக்குப் போனதா, யாருடைய பைக்காவது போனதா என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது வரலாம். பில் பொய் என்பதை அது மாற்றாது.

நம் சமூகத்துக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. இந்தியர்களின் பொருளாதார, சமூக மேம்பாட்டுக்கென்று ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்ட மித்ரா மானியம் தொடர்பாக 2021-இல் ஆணையம் விசாரணை நடத்தியது. அரசு சாரா அமைப்புகளின் பொறுப்பாளர்களும் கொம்பனி உரிமையாளர்களும் கைதானார்கள். கைது என்பது குற்றத் தீர்ப்பு ஆகாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மானியக் கணக்கையும் பில்லையும் விரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது என்பது அன்றோடு எல்லாருக்கும் தெரிந்துபோனது.

சரி, யார் இந்த ஆணையம்? 1967 அக்டோபர் 1-இல் பி.பி.ஆர் என்ற ஊழல் தடுப்பு இலாகாவாகத் தொடங்கியது. மூத்தவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 2009 ஜனவரி 1 முதல் புதிய சட்டத்தோடு ஆணையமானது. தலைமையகம் புத்ராஜெயாவில், எல்லா மாநிலங்களிலும் அலுவலகம் உண்டு. நமக்கு ஷா ஆலாம். விசாரிப்பது, கைது செய்வது, சொத்தை முடக்குவது வரை அவர்கள் கையில். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டலாமா என்பதை முடிவு செய்வது மட்டும் அவர்கள் இல்லை. அது அரசாங்க வழக்கறிஞராகவும் இருக்கும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். “பிடிச்சாங்க, அப்புறம் ஏன் கேஸ் போடல?” என்று காப்பிக்கடையில் கேட்கும்போது, பாதிப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. ஆணையத்தைக் கவனிக்க வெளியாட்கள் அடங்கிய ஐந்து குழுக்களும் உள்ளன. வழக்குத் தொடரப்படாத விசாரணைகளைப் பரிசீலிப்பது அவற்றில் ஒன்றின் வேலை.

இனி பணத்துக்கு வருவோம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏனென்றால் ஆளைப் பிடித்தாலே பணம் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பணம் மீள்வதற்கு மூன்று படிகள். முதல் படி முடக்கம்: வங்கிக் கணக்கிலிருந்து ஒரு காசும் வெளியே போகாதபடி நிறுத்திவைப்பது. சந்தேகத்துக்குரியவர் முந்திக்கொண்டு பணத்தை மச்சான் பெயருக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றிவிடக் கூடாது என்பதால் இது வேகமாக நடந்தாக வேண்டும். இரண்டாவது கைப்பற்றுதல்: ரொக்கம், கார், நகை, கைக்கடிகாரம், நிலம். செய்தியில் படம் வருவது இந்தக் கட்டத்தில்தான். 2016 அக்டோபரில் சபா நீர் இலாகா விவகாரத்தில் கட்டுக்கட்டாக நோட்டுகளை மேசைமேல் அடுக்கிவைத்த படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ரொக்கம் மட்டுமே 5 கோடி வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் இன்னொரு விசாரணையில் ஏறக்குறைய 17 கோடி வெள்ளி மதிப்புள்ள பலநாட்டு நோட்டுகளும் 16 கிலோ தங்கக் கட்டிகளும் கைப்பற்றப்பட்டன.

ஆனால் அந்தப் பணம் அப்போது இன்னும் அரசாங்கத்துடையது இல்லை. மூன்றாவது படி நீதிமன்றத்தின் பறிமுதல் உத்தரவு. அது கிடைக்கும்வரை கைப்பற்றியது எல்லாம் காவலில் இருக்கும் பொருள், அவ்வளவுதான். வழக்கு நடந்தால் அதன் முடிவில் பறிமுதல் உத்தரவு கேட்கலாம். வழக்கே இல்லாவிட்டாலும், கைப்பற்றிய நாளிலிருந்து 18 மாதத்துக்குள் ஆணையச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின் கீழ் பறிமுதலுக்கு விண்ணப்பம் செய்யலாம். பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் என்றால் அந்தக் கெடு 12 மாதம். அந்தச் சொத்து எனக்குச் சொந்தம் என்று மூன்றாம் ஆள் யாராவது சொன்னால், அவர் நீதிமன்றத்துக்கு வந்து நிரூபிக்க வாய்ப்பு தரப்படும். இந்தப் பணம் ஊழலால் வந்தது என்று தொடர்பைக் காட்டும் கடமை அரசுத் தரப்பினுடையது.

காட்ட முடியாமல் போனால்? 2018 மே மாதம் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் போலீஸ் கைப்பற்றிய 11 கோடியே 40 லட்சம் வெள்ளி ரொக்கம் நினைவிருக்கும். 26 நாட்டு நோட்டுகள், பைபையாகத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். 2021 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த ரொக்கத்தைப் பறிமுதல் செய்ய மறுத்துவிட்டது. சட்டவிரோதச் செயலிலிருந்து வந்த பணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். நாடே பார்த்த பணம், கேமராவில் பதிவான பணம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் இப்படித்தான் ஆகிறது.

வெளிநாட்டுக்குப் போன பணத்துக்கு இன்னும் நீண்ட வழி. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்.டி.பி-இன் பணம் களவுபோன விவகாரத்தில், அந்தப் பணத்தில் வாங்கிய ‘இக்குவானிமிட்டி’ என்ற சொகுசுக் கப்பல் இந்தோனேசியாவில் பிடிபட்டு, மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2019-இல் 12 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா, ஒரு திரைப்பட நிறுவனத்திடமிருந்து மீட்ட 5 கோடியே 70 லட்சம் டாலரைத் திருப்பி அனுப்பியது. 2020-இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி 250 கோடி டாலர் ரொக்கம் தர உடன்பட்டது. உள்நாட்டில், 2019 அக்டோபரில் ஆணையம் 80 தனியாட்களுக்கும் அமைப்புகளுக்கும் அபராத நோட்டீஸ் கொடுத்தது. எல்லாம் சேர்த்து 42 கோடி வெள்ளி. 1எம்.டி.பி பணத்தில் பங்கு பெற்றவர்கள் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். திருடியவர் ஒருவர், வாங்கிக்கொண்டவர்கள் எண்பது. யாரோ கொடுத்தார்கள், நாங்கள் வாங்கினோம் என்று சொல்லித் தப்புவது எளிதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பெரிய கணக்கு. எங்கள் ஊரில் வருகிறது சின்னக் கணக்குதான்: பாரத்தை மேலே தள்ளிவிட ஐம்பது வெள்ளி, உரிமம் சீக்கிரம் கிடைக்க இருநூறு. மலாயில் ‘டுயிட் கோப்பி’ என்பதை நாமும் காப்பிக்காசு என்று சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தில் லஞ்சம் என்பதற்கு இருக்கும் வரையறை மிக அகலமானது. பணம் மட்டுமில்லை, பரிசு, கடன், வேலை, நன்கொடை, தள்ளுபடி எல்லாம் அதில் அடங்கும். உங்களிடம் ஒருவர் லஞ்சம் கேட்டால், முடிந்த சீக்கிரத்தில் அதை அதிகாரியிடம் தெரிவிப்பது 25-ஆவது பிரிவின்படி உங்கள் கடமை. தகுந்த காரணமில்லாமல் சும்மா இருந்துவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டும் கூட. ஓர் அதிகாரிக்கு யாராவது லஞ்சம் கொடுக்க முன்வந்து, அதை அவர் சொல்லாமல் விட்டால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை. நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கிப்போவதைச் சட்டமே குற்றமாக வைத்திருக்கிறது. இது தெரியாதவர்கள்தான் அதிகம்.

புகார் கொடுக்க மலாய் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வாயால் சொல்லலாம், 29-ஆவது பிரிவின்படி அதிகாரி அதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள், புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பாட்டிமார் தோட்டத்து ஆபீசில் விரல் ரேகை வைத்த காலம் போய்விட்டது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-6000.

போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? தேதி, நேரம், இடம், கேட்ட தொகை, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற குறிப்பு. வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, போனிலேயே அசல் இருக்கட்டும். வங்கிச் சீட்டு, ரசீது, கூட்டக் குறிப்பு எல்லாம் உதவும். மேலே சொன்ன சங்கிலியின் முதல் கண்ணி பெரும்பாலும் இப்படி ஒரு துண்டுத் தாள்தான்.

பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009 ஜூலையில், சாட்சியாக ஷா ஆலாம் அலுவலகத்துக்குப் போன தியோ பெங் ஹோக் என்ற இளைஞர் மறுநாள் கீழே விழுந்து இறந்து கிடந்ததை இந்த மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. அறியப்படாத நபர்களின் சட்டவிரோதச் செயலே அந்த மரணத்துக்குக் காரணம், அவரை விசாரித்த அதிகாரிகளும் அதில் அடங்குவர் என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தக் குடும்பத்துக்கு இன்னும் நீதி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதை மறைத்துவிட்டு ஆணையத்திடம் போங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

புகார் செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு 2010-ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் ரகசியமாக இருக்கும். சொன்னதற்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. முதலாளி வேலையிலிருந்து தூக்கினால் அதற்கும் பரிகாரம் உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் காப்பது அமலாக்க அமைப்பிடம் சொன்னவரை. முதலில் பேஸ்புக்கில் போட்டுவிட்டு, குரூப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டு, அப்புறம் பாதுகாப்புக் கேட்டால் கிடைக்காது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் பாதுகாப்பு போவதோடு, ஆணையச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அதுவே தனிக் குற்றம். கோயில் தேர்தலில் தோற்ற கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் இடமில்லை அது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்களா? திருப்பிக் கட்டியதை நீதிமன்றம் தண்டனை சொல்லும்போது எடுத்துக்கொள்ளலாம். செய்த குற்றம் அதனால் செய்யாததாகிவிடாது. அதனால் கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தவுடனே, பில் எழுதுவதற்கு முன்னால், மானியம் கொடுத்த இலாகாவுக்கு எழுதிக் கேட்பதே நல்லது.

எங்கள் பொருளாளர் செய்ததும் அதுதான். கூரை வேலைக்கு எட்டாயிரத்துக்கான அசல் பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மிச்சம் ஏழாயிரத்தில் மழைநீர்க் கால்வாயைச் சரிசெய்ய அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம். ஆறு வாரம் கழித்துச் சரி என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் நகல் இப்போது கோயில் அலுவலகத்தில் நீல ஃபைலில், முதல் தாளாக இருக்கிறது.