நிறைந்த குளமும் வெள்ளத்தைத் தாங்கும்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. அப்ரூவல் வாங்கிய பிளாட்தான். 2021 நவம்பர் மழையில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, எப்படி?"

பதில் அவருடைய பிளாட்டில் இல்லை, அதற்கு மேலே, தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் இதுதான் நெருக்கமான மாவட்டம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் ஊர். முன்னோர்கள் வீட்டை விளையில், அதாவது மேட்டுத் தோட்ட நிலத்தில் கட்டினார்கள். பள்ளத்து வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. இப்போது விளையில் இடம் தீர்ந்து, வயலில் செம்மண் அடித்து மேடாக்கி வீடு கட்டுகிறோம்.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு ஏக்கர் வயலில் வரப்பு 15 சென்டிமீட்டர் தண்ணீரைத் தேக்கினால் அது சுமார் 6 லட்சம் லிட்டர். வயல் பிளாட்டானால் அத்தனையும் ஓடையைத் தேடி ஓடும்.

சரி, குளம் இருக்கிறதே என்பீர்கள். "குளம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, இனி அதனால் என்ன பயன்?" என்றும் பலர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நிறைந்த குளமும் வெள்ளத்தைத் தாங்கும்!

ஒரு ஐப்பசி மழையில் மறுகால் பக்கம், அதாவது நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தில், நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஓடை சீறிக்கொண்டு குளத்துக்குள் பாய்கிறது. மறுகாலிலோ நாலு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் வழிகிறது. மழை விட்டு ஓடை அடங்கிய பிறகும், மறுகால் வெகுநேரம் அதே நிதானத்தில் வழிந்துகொண்டிருந்தது.

காரணம் இது. மறுகாலில் அதிகத் தண்ணீர் பாய வேண்டுமானால், முதலில் குளத்தின் மட்டம் உயர வேண்டும். மட்டம் உயர, குளத்தின் பரப்பு முழுவதும் தண்ணீர் ஏற வேண்டும். 50 ஏக்கர் குளம் 30 சென்டிமீட்டர் உயர 6 கோடி லிட்டர் தேவை. அந்த 6 கோடி வந்து சேரும்வரை, கீழே இருப்பவர்களுக்குப் பெரிய வெள்ளம் போகாது. ஒரு மணி நேரத்தில் வந்து மோத வேண்டிய தண்ணீரைக் குளம் பல மணி நேரத்துக்கு இழுத்து, மெதுவாக அனுப்புகிறது. குளங்கள் தொடராக இருந்தால் ஒவ்வொன்றும் வெள்ளத்தின் உச்சியை இன்னும் கொஞ்சம் மழுக்கும்.

அதே குளம் ஆக்கிரமிப்பில் 25 ஏக்கராகச் சுருங்கினால், 3 கோடி லிட்டரிலேயே அந்த 30 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். மறுகாலுக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் இரட்டிப்பானால் வழியும் நீர் இரட்டிப்பல்ல, கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதனால்தான் குளக்கரையில் நாலு பிளாட் போட்டால், இரண்டு ஊர் தள்ளி முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. நடுவில் வயலும் மேடாகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஊராட்சி எல்லைக்குள் மட்டும் பார்த்துக் கொடுக்கும் அப்ரூவலில் இந்தச் சங்கிலி தெரியாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 தனித்தனி ஊர்த் திட்டங்களோடு நிற்கவில்லை, பல ஊர்களைச் சேர்த்த மண்டலத் திட்டத்துக்கும் இடம் தருகிறது. குமரிக்கு அந்த எல்லையைப் பழையாறு, வள்ளியாறு, கோதையாறு போன்றவற்றின் நீர்பிடிப்பை வைத்துப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேட்டு நிலத்தில், பேருந்து போகும் சாலையை ஒட்டி, இரண்டு மாடி மூன்று மாடி என்று நெருக்கமாகக் கட்டலாம். பள்ளத்தையும் குளத்தையும் மறுகால் ஓடையையும் விட்டுவிட வேண்டும்.

இதற்கு அளவீடு வேண்டும். ஒவ்வொரு மறுகாலிலும் ஓர் அளவுகோல், மழை நாளில் மணிக்கொருமுறை குறித்து வைக்கக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் பணத்தில் இதற்கு ஒரு பங்கு கட்டாயம் தர வேண்டும். வீடு கட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஈசான மூலை பார்க்கச் செலவிடும் பணத்தை நில மட்டம் பார்க்கச் செலவிடுங்கள். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை இல்லை, தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும்.

கேட்ட வாசகருக்கு: உங்கள் தெருவுக்கு மேலே எந்தக் குளத்தின் மறுகால் எந்த வழியாக வருகிறது என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். பிறகு அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியே குளம்வரை நடந்து பாருங்கள்.