கொம்பு இருந்தா உடனே சண்டைதானா?

"டி ரெக்ஸ் கழுத்தைக் கடிக்க வந்தா தடுக்கத்தான்டா இந்தக் கேடயம்" - மியூசியத்துல ட்ரைசெராடாப்ஸ்ங்கற கொம்பு டைனோசரோட எலும்புக்கூடு முன்னாடி நின்னு, தலைக்குப் பின்னாடி இருக்குற எலும்புத் தட்டைக் காட்டி பசங்களுக்கு இதைச் சொல்லாத பெரியவங்களே இல்ல போல. இந்த வாரமும் கேட்டாச்சு. முடியல, அதான் எழுதுறேன்.

கேடயத்துல யாராவது ஓட்டை போடுவாங்களா? ட்ரைசெராடாப்ஸை விடுங்க, அதுக்குத் தட்டு கெட்டி. ஆனா அதோட சொந்தக்கார இனங்கள்ல பெரும்பாலானதுக்கு தலைக்குப் பின்னாடி விரியிற அந்தத் தட்டுல ரெண்டு பெரிய ஓட்டை இருக்கும், நடுவுல ஒல்லியா ஒரு எலும்புப் பட்டை (அதை உடையாம பேக் பண்றதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடும்), உயிரோட இருந்தப்ப ஓட்டையை மூடியிருந்தது வெறும் தோலும் சதையும்தான். அந்தச் சொந்தக்காரங்கள்ல ஒண்ணான சென்ட்ரோசாரஸுக்கும் இதே கதைதான், அது வாழ்ந்த காலத்துல டி ரெக்ஸ் வரவே இல்லைங்கறது வேற விஷயம். இன்னொரு சொந்தக்கார டைனோசரான ப்ரோட்டோசெராடாப்ஸ்ல குட்டியில இருந்து பெருசு வரைக்கும் மண்டையோடு வரிசையா கிடைச்சிருக்கு, குட்டிக்குத் தட்டு துளியூண்டு, வளர வளர உடம்பைவிட வேகமா விரியுது. உயிர் பிழைக்கத்தான்னா முதல்ல குட்டிக்குத்தானே வேணும்? பருவத்துக்கு வர்றப்ப பெருசாகுதுன்னா அது ஜோடியை இழுக்க, போட்டிக்கு வர்றவனை மிரட்ட. 2010ல பேர் வெச்ச இன்னொரு கொம்பு டைனோசர் காஸ்மோசெராடாப்ஸுக்கு 15 கொம்பு, தட்டு ஓரத்துல இருக்குறதுல பாதிக்கு மேல முன்பக்கமா மடிஞ்சு தொங்குது, அதை வெச்சு யாரைக் குத்துறது?

சண்டையே இல்லன்னு சொல்லல. ட்ரைசெராடாப்ஸ் தட்டுல ஆறிப்போன காயங்கள் நிறைய, பெரும்பாலும் தன் இனத்தோடயே கொம்பு கோத்ததுல வந்தது. டி ரெக்ஸ் கடிச்சு ஆறின கொம்பு கூட இருக்கு. கைக்கு வந்ததை எடுத்து அடிக்கிறது வேற, அதுக்காகவே உருவாச்சுங்கறது வேற.

'தட்டும் கொம்பும் இனத்தை அடையாளம் கண்டுக்கத்தான்'னு டைனோசர் ஆராய்ச்சி பண்ற எங்க ஆளுங்களே ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. அப்படின்னா ஒரே இடத்துல சேர்ந்து வாழ்ந்த இனங்களுக்குள்ள வித்தியாசம் தூக்கலா இருக்கணும், 2018ல ஒரு ஆய்வுல ஒப்பிட்டுப் பாத்தா அப்படி ஒண்ணும் இல்ல.

பாராசாரோலோஃபஸ்ங்கற டைனோசரோட தலையில இருக்குற நீளமான கொண்டை தண்ணிக்கடியில மூச்சு விடுற குழாய்னு இன்னும் ஃபார்வர்டு பண்றவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, அதோட நுனியில ஓட்டையே கிடையாது. உள்ள மூக்குக்குழாய் மேல போய் வளைஞ்சு திரும்புது, சத்தத்தை எதிரொலிக்க வைக்கிற அமைப்பு.

ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வரையறவங்களே, டைலோஃபோசாரஸ்ங்கற டைனோசருக்கு கழுத்துல குடை மாதிரி விரியிற தோல் போடாதீங்க, விஷமும் துப்ப வைக்காதீங்க, ரெண்டும் 'ஜுராசிக் பார்க்' சினிமா கற்பனை. 'கொம்பு ஆணுக்கு மட்டும்'னு எழுதாதீங்க, பெண்ணுக்கும் கொண்டை இருக்குற பறவைகள் இன்னைக்கும் இருக்கு. கொம்பை மண்டையோட்டுல இருக்குறதைவிட நீளமா வரைங்க ப்ளீஸ், நீங்க பாக்குறது உள்எலும்பு மட்டும், அதுக்கு மேல இருந்த கெரட்டின் (நம்ம நகத்துல இருக்குற பொருள்) உறை மக்கிப் போயிடுச்சு.