சூடு பட்டுச் சுருங்கும் இரும்பு

மைசூரில் தயாரான பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெட்ரோல் டேங்கை, பெங்களூரு அல்சூரில் தம் வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சீராக்க முயன்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வண்டி அவருடைய அப்பாவுடையது. டேங்கின் மேற்புறத்தில் உள்ளங்கையளவு ஒடுக்கு விழுந்திருந்தது. மூடித் துளை வழியாக வளைத்த கம்பியை நுழைத்து உள்ளிருந்து தாங்கு கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டியிருக்கிறார். ஒடுக்கு மறைந்து, அதே இடத்தில் புடைப்பு தோன்றியது. புடைப்பைத் தட்டத் தட்ட அது பெரிதானது. இப்போது கட்டைவிரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போகிறது. விட்டால் ‘டொக்’ என்று வெளியே வந்துவிடுகிறது. அவர் கேட்கிறார்: “கூடுதல் தகடு எங்கிருந்து வந்தது?”

மிகச் சரியான கேள்வி இது. அந்தத் தகடு தன் கனத்திலிருந்தே வந்தது. சுத்தியலுக்கும் தாங்குக்கும் இடையே சிக்கும் எஃகு நசுங்கி மெலிகிறது. உலோகத்தின் கன அளவு மாறாது என்பதால், மெலிந்த அளவுக்கு அது பக்கவாட்டில் பரவியாக வேண்டும். எவ்வளவு மெலிந்தால் எவ்வளவு புடைக்கும் என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே பார்த்துவிடலாம். டேங்க் தகட்டின் கனம் 1 மி.மீ. என்றும், தட்டிய இடம் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். தட்டியதில் கனம் 0.99 மி.மீ. ஆகிவிட்டால் பரப்பு 1 சதவீதம் கூடியிருக்கும். சுற்றியுள்ள தகடு அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், கூடிய பரப்புக்கு மேல்நோக்கிக் குமிழ்வதைத் தவிர வேறு வழியில்லை. பந்திலிருந்து சீவியெடுத்த துண்டுபோலக் குமிழும் இந்த வடிவத்தின், அதாவது கோளத்தொப்பியின் பரப்பு, அடிவட்டத்தின் ஆரத்தையும் தொப்பியின் உயரத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, அதைப் பையால் (π) பெருக்கியது. அதன்படி, 1 சதவீதக் கூடுதல் பரப்பை அடக்கிக்கொள்ளத் தேவையான உயரம் 5 மி.மீ. தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பகுதியான 0.01 மி.மீ. மெலிவு, கண்ணை உறுத்தும் 5 மி.மீ. மேடாக எழுந்து நிற்கிறது.

‘டொக்’ என்ற ஓசைக்கும் இதுவே காரணம். தனக்குரிய இடத்தைவிடப் பெரியதாகிவிட்ட தகடு தட்டையாக நிற்க முடியாது. மேலே குமிழ்ந்தோ கீழே குழிந்தோ நிற்கும், இடையில் நிற்காது. 15 கிலோ எண்ணெய் டின்னின் அடிப்பக்கத்தை அழுத்தியவர்களுக்கு இந்த ஓசை பழக்கமானது.

தட்டத் தட்டத் தகடு இறுகிப்போவதும் உண்டு. உலோகப் படிகங்களுக்குள் அணு வரிசைகள் பிசகிய கோடுகள் இருக்கின்றன. ஜமக்காளத்தின் ஒரு மடிப்பைத் தள்ளியே முழு ஜமக்காளத்தையும் நகர்த்துவதுபோல, அந்தப் பிசகுகளின் வழியாகத்தான் உலோகம் வளைந்து கொடுக்கிறது. டெய்லர், ஒரோவான், போலன்யி ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் 1934-இல் தனித்தனியே கண்டுசொன்ன கருத்து இது. அடி விழ விழப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் போகின்றன. ஆகவே நம் வாசகரின் கையில் இருப்பது, அளவில் கூடியதும் முரண்டு பிடிப்பதுமான தகடு. அதைத் தட்டிச் சரிசெய்ய இயலாது, சுருக்கத்தான் வேண்டும்.

ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், டிங்கரிங் பட்டறையொன்றில், இதே கோளாறுள்ள டேங்கை ஒரு பெரியவர் சரிசெய்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அடிப்பகுதியை ஏற்கெனவே அறுத்துத் திறந்திருந்தார். உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி தகட்டை இரண்டு மூன்று முறை நீவினார். புடைப்பின் உச்சியில் சாக்பீஸால் ஒரு சிறு வட்டம் போட்டார். கேஸ் வெல்டிங் முனையின் சிறிய சுவாலையை அந்த வட்டத்துக்குள் மட்டும் காட்டினார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இடம் நீலமாகி, கறுத்து, பிறகு மங்கலான செம்மை பூத்தது. புடைப்பு முன்னைவிடச் சற்று உயர்ந்தது. சுவாலையை விலக்கி, செம்மை மறைவதற்குள் மரச் சுத்தியலால் அதைச் சுற்றி இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டி, ஈரத்துணியை அழுத்தினார். ‘சுர்’ரென்று ஆவி எழுந்தது. துணியை எடுத்தபோது புடைப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

சூடுபட்டால் இரும்பு விரியும் என்று படித்தவர்கள் நாம். சூடு காட்டிய பிறகு அது முன்பிருந்ததைவிடச் சிறியதாவது எப்படி?

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்த பட்டாவை வறட்டி நெருப்பில் காய வைப்பார்கள். அது விரியும்போது தடுப்பார் யாருமில்லை. தாராளமாக விரிந்து, மரச் சக்கரத்தின் மேல் எளிதாக இறங்கும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்க முயலும். ஆனால் அப்போது மரம் குறுக்கே நிற்கும். தடையில்லாமல் விரிந்து, தடையோடு சுருங்குவதால், பட்டா இழுவிசையோடு மரத்தைக் கவ்விக்கொள்கிறது.

டேங்கின் மேல் நடப்பது இதன் நேரெதிர். சூடான சிறு வட்டம் விரியப் பார்க்கிறது. சுற்றிலும் குளிர்ந்த, விறைப்பான தகடு அணையாக நின்று தடுக்கிறது. அந்த நெருக்கடி எவ்வளவு என்று கணக்கிட்டபோது நான் வியந்துபோனேன். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அதன் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். விரிவு முற்றிலும் தடுக்கப்பட்டால், வெறும் 100 டிகிரி வெப்பநிலை உயர்வுக்கே 240 மெகாபாஸ்கல் அழுத்தம் எழுகிறது. டேங்க் செய்யப் பயன்படும் மென்மையான எஃகோ, ஏறத்தாழ 200 மெகாபாஸ்கலிலேயே மீட்சி எல்லையைத் தாண்டி நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். மங்கலான செம்மை என்பது 600 முதல் 700 டிகிரி வரையிலான நிலை. அந்தச் சூட்டில் எஃகு தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்திருக்கும். பிசகுகளின் சிக்கல்களும் அவிழத் தொடங்கியிருக்கும். வெளியே போக வழியில்லாமல், எதிர்த்து நிற்க வலிமையும் இல்லாமல், சூடான எஃகு தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. சுத்தியல் திருடிய கனம் திரும்பி வருகிறது.

பிறகு குளிர்கிறது. சுருங்குவதற்குத் தடையில்லை, புடைப்பாக நிற்கும் உபரித் தகடு இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். தடித்துவிட்ட வட்டம் முன்பிருந்ததைவிடக் குறுகி, சுற்றியுள்ள உபரியைத் தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. 10 மி.மீ. அகலமுள்ள ஒரு புள்ளி, செம்மை வரை சூடேறி ஆறும்போது ஏறத்தாழ 0.1 மி.மீ. வரை குறுகலாம். 10 செ.மீ. அகலத்தில் 3 மி.மீ. உயர்ந்து நிற்கும் புடைப்பின் வில்லை நேராக்கினால், அது தன் அடிக்கோட்டைவிட 0.24 மி.மீ. மட்டுமே நீளமாக இருக்கும். அதாவது, எந்தத் திசையில் அளந்தாலும் குறுக்கே மூன்று நான்கு புள்ளிகள் வருமாறு சூடு காட்டினால் போதும். பெரியவர் அடுத்தடுத்துப் போட்ட சாக்பீஸ் வட்டங்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஈரத்துணிதான் தகட்டைச் சுருக்குகிறது என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. ஆனால் சுருக்கம், விரிவு தடுக்கப்பட்ட கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. துணியின் வேலை, சூடு சுற்றுப்புறத்துக்குப் பரவாமல் தடுத்து, அடுத்த புள்ளிக்கும் குளிர்ந்த அணையைத் தயாராக வைத்திருப்பது. இந்தத் தகட்டில் கரியின் அளவு மிகக் குறைவு என்பதால், உளியைப்போல நீரில் தோய்ந்து கடினமாகிவிடும் என்ற அச்சமும் தேவையில்லை.

முடி உலர்த்தியால் சூடேற்றி, பனிக்கட்டி வைத்தால் ஒடுக்கு தானே சரியாகிவிடும் என்ற காணொளிகள் கைப்பேசிகளில் உலவுகின்றன. இதை இக்காலத்து மூடநம்பிக்கைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். முடி உலர்த்தி தகட்டின் பெரும்பரப்பைச் சேர்த்தே சூடாக்குகிறது. குளிர்ந்த அணை இல்லை, ஆகவே நெருக்கடியும் இல்லை. நீளாமல் உள்ளே மடங்கி மட்டும் நிற்கும் பிளாஸ்டிக் பம்பர் வெளியே வரலாம். நீண்டுவிட்ட எஃகு வராது.

இதைப் படித்ததும் சுவாலையைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்று நான் மிகவும் கவலைப்படுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தாலே தீப்பிடித்து வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்கிலும் துருவின் அடியிலும் மடிப்பு இணைப்புகளிலும் பெட்ரோல் தங்கியிருக்கும்; சூடு பட்டதும் ஆவியாக வெளிவரும். மூக்குக்கு வாசனை தெரியவில்லை என்பது சான்றாகாது. சோப்புக் கரைசலாலும் வெந்நீராலும் பலமுறை அலசுவது தொடக்கம் மட்டுமே. உள்ளே தண்ணீர் நிரப்பினால் ஆவிக்கு இடமிருக்காது. ஆனால் தகட்டுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் சூட்டையெல்லாம் குடித்துவிடும், புள்ளி சிவக்காது. அடிப்பகுதியை அறுத்துத் திறப்பதற்கும் இதே எச்சரிக்கை தேவை. அறுக்கும் கருவியிலிருந்து பொறி பறக்கும். எனவே அறுப்பதையும் சூடு காட்டுவதையும் டேங்க் வேலையில் பழகிய பட்டறையிடம் விடுங்கள். முன்பு யாராவது ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஈயப்புகை நச்சு. மொட்டை மாடியில் செய்ய வேறு வேலைகள் நிறைய உள்ளன.

ஓர் ஆதங்கத்தையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். கப்பல் கட்டும் தளங்களில் கனமான தகடுகளை வளைக்க இதே நெறியைக் கையாளுகிறார்கள்; லேசர் கதிரைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் ஆய்வுகளும் நடக்கின்றன. 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இயங்கும் இந்த ஊரில், சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு சந்தில், புள்ளியின் அளவையும் இடைவெளியையும் உள்ளங்கையால் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலையை அளந்து பதிவுசெய்யப் பெரிய செலவு ஆகாது. ஒரு வெப்பப் படக்கருவியும் ஓர் ஆய்வு மாணவரின் இரண்டு ஆண்டு உதவித்தொகையும் போதும். அந்தச் சிறு தொகை ஒதுக்கப்படுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி மெருகு வேலை. சுருக்கி முடித்து, அடிப்பகுதியைப் பற்றவைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு, உட்புறத் துருவை நீக்க வேண்டும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதற்கும் இதற்கும் வேதியியல் ஒன்றுதான். அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலை ஓர் இரவு ஊற்றி வைத்து, சமையல் சோடாக் கரைசலால் அலசி, உடனே உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்ட தகட்டில் சில மணி நேரத்திலேயே புதுத்துரு படரும். உட்பூச்சு வாங்குவதானால் எத்தனாலைத் தாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானதே பெங்களூருவில்தான். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் பழைய வண்டிகளுக்கு இது கெடுதல்.

வெளிப்புறத்தில் கடைசி அரை மி.மீ. குறையைப் பள்ளம் நிரப்பும் பசையான பட்டிக்கு விட்டுவிடலாம், 2 மி.மீட்டருக்கு மேல் பட்டி அப்ப வேண்டாம். அது எஃகைவிடப் பல மடங்கு விரியக்கூடியது. வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறிமாறி இழுபட்டு, தடித்த பட்டி வெடிக்கும். பக்கங்களில் குரோமியம் பூசிய டேங்கானால், அந்தப் பகுதியை வீட்டில் தொட வேண்டாம். குரோமிய முலாம் தொட்டியில் இருக்கும் சேர்மம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் பூசும் கூடங்கள் இருக்கின்றன.

ப்ரைமர் அடித்து, 400, 800 என உப்புத்தாளை மாற்றி நீர் விட்டுத் தேய்த்ததும் ஒரு சோதனை உண்டு. பரப்பை ஈரமாக்கி, குழல்விளக்கின் அடியில் டேங்கைப் பிடித்து, மெல்லச் சாயுங்கள். விளக்கின் பிம்பம் ஒரு வெள்ளைக் கோடாகத் தகட்டின் மேல் ஊர்ந்து செல்லும். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் பிம்பம் இரண்டு டிகிரி திரும்பும் என்பதால், பரப்பின் சாய்வில் உள்ள மிகச் சிறு பிழையையும் அந்தக் கோடு இரட்டிப்பாக்கிக் காட்டும். கோடு நெளியும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அங்கே மட்டும் மறுபடி தேயுங்கள். ‘டொக்’ கேட்ட இடத்தைக் கோடு நெளியாமல் கடந்த பிறகே வண்ணம் அடிக்கத் தொடங்குங்கள். வண்ணம் அடிக்கும்போது மூடியில் இருக்கும் ஊசித்துளையைத் தாள் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளை வண்ணத்தால் அடைபட்டால் பெட்ரோல் இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று நுழையாது. வண்டி சில கிலோமீட்டரில் நின்றுவிடும்.