அல்கோங்கின், அல்கோங்கிய: சொல் விளக்கம்

அல்கோங்கின் (பெயர்ச்சொல்): கனடாவில் ஒட்டாவா ஆற்றுப் படுகையை ஒட்டி, கியூபெக், ஒண்டாரியோ மாகாணங்களில் வாழும் தொல்குடி மக்கள், அவர்களின் மொழி.

அல்கோங்கிய (பெயரடை): அந்த மொழியும் இடம்பெறும், ஏறத்தாழ முப்பது மொழிகள் கொண்ட பெரிய குடும்பத்தைச் சார்ந்த.

ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் (Algonquin, Algonquian) பிரிப்பது ஈற்றெழுத்துக்கு முன் வரும் 'ஏ' என்ற ஒரே எழுத்து. பழைய நூல்களில் அதுவும் இருக்காது. தமிழாக்கங்களில் ஒரு குடியின் பெயர் பல குடிகளின் தலையில் ஏறுவது இதனால்தான்.

1603இல் பிரெஞ்சுப் பயணி சாமுவேல் த ஷாம்ப்ளேன் இன்றைய கியூபெக்கில் உள்ள தாதுசாக்கில் அல்கோங்கின் மக்களைச் சந்தித்து, பெயரை 'அல்குமெக்கின்' என்று எழுதிக்கொண்டார். இது மாலிசீட் மொழியில் 'நம் உறவினர், நம் கூட்டாளிகள்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. மிக்மாக் மொழியில் 'மீனை ஈட்டியால் குத்தும் இடம்' என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இது பிறர் வைத்த பெயர். அவர்கள் தம்மை அனிஷினாபே என்றும் ஒமாமிவினினி என்றும் சொல்கிறார்கள். ஒட்டாவா ஆறு அவர்களுக்குக் கிச்சி சிபி, அதாவது பெரிய ஆறு. கியூபெக்கில் உள்ள அவர்களது ஊரான கிட்டிகன் சிபியிலும், ஓஜிப்வே மொழி தந்த மிசிசிப்பியிலும் இருப்பது அதே 'ஆறு'தான். மொழியியலாளர் அல்கோங்கினை ஓஜிப்வேயின் கிளைவழக்காகவே கொள்வர்.

குடும்பமோ மிகப் பரந்தது. க்ரீ, இன்னு, மிக்மாக், லெனாப்பே, ஷானி, மெனோமினி ஆகியவற்றோடு மேற்குச் சமவெளியின் பிளாக்ஃபூட், ஷையான், அராபாஹோ மொழிகளும் இதில் சேரும். கலிபோர்னியக் கடற்கரையின் யூரோக், வியோட் ஆகியவை இதற்குத் தொலைவுச் சொந்தம் என்று மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1913இல் சொன்னபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1958இல் மேரி ஹாஸ் அதை நிறுவினார். இந்தப் பெருங்குடும்பத்தின் பெயர் அல்கிக்.

இம்மொழிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கு இரு குறிப்புகள். ஓஜிப்வேயில் 'கீனவிந்த்' என்றால் நாம், 'நீனவிந்த்' என்றால் நாங்கள். ஆங்கில உரை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நமக்கு அந்த இழப்பு தேவையில்லை, மூலத்தைப் பார்த்து எழுதலாம். ஆனால் அவர்களின் பெயர்ச்சொல் பகுப்பை உயர்திணை, அஃறிணை என்று பெயர்ப்பது பிழை. விலங்கும் மரமும் கல்லும்கூட அங்கே உயிருள்ள வகுப்பு. ராஸ்பெர்ரி உயிருள்ளது, ஸ்ட்ராபெர்ரி உயிரற்றது! 'உயிருள்ளவை, உயிரற்றவை' என்ற இலக்கண வகுப்பு என்று எழுதி, அது அகராதியில் பார்த்து அறிய வேண்டியது என்றும் சேர்ப்பது நல்லது.

எழுத்துக்கூட்டலில் 'அல்கோன்குவின்' வேண்டாம். தமிழில் ககரத்துக்கு முன் ஙகரமே இயல்பு. பிரெஞ்சு மூலத்தில் 'வ' ஒலியும் இல்லை. பெயரடைக்கு, ஐரோப்பா 'ஐரோப்பிய' ஆவதுபோல 'அல்கோங்கிய' பொருந்தும். 'செவ்விந்தியர்' என்பதை விட்டுவிட்டு, தொல்குடிகள் அல்லது முதற்குடிகள் என்போம். அண்டை அயலாரான மோஹாக், ஹூரான் மக்களை அல்கோங்கியப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவர்கள் மொழிகள் இரோக்குவா குடும்பத்தவை.

சரியான வழக்கு: 'கிட்டிகன் சிபி அல்கோங்கின் மக்களின் ஊர்', 'ஷையான் ஓர் அல்கோங்கிய மொழி'.